கங்காருப் புழுக்கையும் உளுந்துக் கோதும்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலராசிரியர் தொலைபேசியில் கேட்டார். எதைப் பற்றி எழுதலாம் என்று நானும் மரியாதைக்குக் கேட்டேன்.

"உங்கட உத்தியோக அனுபவத்தை எழுதுங்கோ அண்ணை. பிள்ளையளுக்கு விஞ்ஞானம் படிக்க ஒரு ஊக்கமா இருக்கும்."

"என்ர உத்தியோகம் கங்காருவின்ர மலத்தைச் சோதிக்கிறது. உங்களுக்குத் தெரியும்தானே."

மறுமுனையில் பேனையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "மலருக்கு மலமோ?" என்றார் மெதுவாக. அடுத்த மூச்சில், "அந்தச் சொல்லைப் பாவிக்காமல் எழுத ஏலாதோ அண்ணை?" என்று கேட்டார்.

ஏலும். தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் இல்லை. மாட்டுக்குச் சாணம், யானைக்கு இலத்தி, பறவைக்கு எச்சம், ஆட்டுக்குப் புழுக்கை. கங்காருவை நம் முன்னோர் காணாதபடியால் அதற்கென்று ஒரு சொல் வைக்கவில்லை. உருவத்தைப் பார்த்து நானே புழுக்கை என்று வைத்துக்கொண்டேன். ஆட்டுப் புழுக்கையை விடப் பெரிது, கொஞ்சம் சதுரம், சில வேளை இரண்டு மூன்று ஒன்றோடொன்று ஒட்டி மாலைபோல் கிடக்கும். மலராசிரியருக்கும் அந்தச் சொல் பிடித்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்துவிட்டு மெல்பேர்னுக்கு அகதியாக வந்த நான், முதல் மூன்று வருடங்கள் டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் போத்தல்களுக்கு மூடி போட்டேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூடி போட்டேன், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் பத்திரிகையில், நுணுக்குக்காட்டியில் தாவரத் துண்டுகளை அடையாளம் காண ஆள் தேவை என்று ஒரு விளம்பரம் கண்டேன். எங்கே கிடைக்கும் தாவரத் துண்டுகள் என்று விளம்பரத்தில் போடவில்லை. தெரிந்துதான் போடாமல் விட்டிருப்பார்கள்.

நேர்முகப் பரீட்சைக்கு நண்பன் சிவராசாவின் கோட்டைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் உயரமான ஒரு பெண் இருந்தா. பெயர் ஹெதர். பண்ணையில் பிறந்து வளர்ந்தவ என்பது கையைப் பார்த்தாலே தெரியும். சான்றிதழ்களைத் திறக்காமல், ஒரு வெள்ளைத் தட்டை என் பக்கம் தள்ளினா. அதில் ஏழு வகைப் புழுக்கைகள் வரிசையாக இருந்தன.

"என்ன தெரிகிறது?" என்று கேட்டா.

எனக்கு ஆறு தெரியவில்லை. ஏழாவதைச் சிறு வயதில் இருந்தே தெரியும். "இது ஆடு," என்றேன்.

"மற்றவை?"

"தெரியாது."

அவ எதையோ எழுதிக்கொண்டா. எனக்கு முன்னால் போனவர்கள் ஏழுக்கும் ஏழு பெயர் சொல்லி ஆறு பிழை விட்டவர்களாம். தெரியாததைத் தெரியாதென்று சொன்னவன் நான் ஒருவன்தானாம். இது பல வருடம் கழித்து அவ சொன்ன கதை. அன்றைக்குச் சொன்னது, "திங்கட்கிழமை வா. இந்தக் கோட்டைப் போடாதே," என்பது மட்டும்தான்.

ஹெதர் எனக்கு இருபத்தாறு வருடம் மேலதிகாரியாக இருந்தா. அவவிடம் ஒரே ஒரு சட்டம்தான். களக் குறிப்புப் புத்தகத்தில், கண்ணால் கண்டதைப் பேனையால் எழுத வேண்டும், நினைத்ததைப் பென்சிலால் எழுத வேண்டும். எந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும் விரலை ஒரு வரியில் வைத்து, "கண்டதா, நினைத்ததா?" என்று கேட்பா. முதல் வருடம் என் புத்தகம் முழுக்கப் பேனை. அவ அழிறப்பரோடு அல்ல, பேனை எழுத்தை மறைக்கும் வெள்ளை மையோடு பக்கத்தில் வந்து உட்காருவா. நன்று என்று ஒரு நாளும் சொன்னதில்லை. திருப்தியானால், "ம்" என்பா. இரண்டு "ம்" வந்த நாளில் நான் வீட்டுக்குப் போகும்போது கேக் வாங்கிக்கொண்டு போவேன்.

புழுக்கையைக் கையில் எடுக்கும் விதம் ஒன்று அவவுக்கு இருந்தது. உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் உருட்டுவா. பிறகு பெருவிரல் நகத்தால் நடுவில் பிளப்பா. உள்ளே பார்ப்பா. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவா. அதற்குப் பிறகுதான் வாய் திறப்பா. நான் பழகிய கோயில் ஐயர்மாரிடம்கூட இவ்வளவு ஒழுங்கான முறையைக் கண்டதில்லை.

எங்கள் வேலை குளிர்காலத்தில்தான் முக்கியம். மெல்பேர்னில் ஆனி, ஆடியில் புல் பச்சையாகத்தான் இருக்கும். பார்ப்பவர்கள் மிருகங்களுக்கு என்ன குறை என்று நினைப்பார்கள். ஆனால் குளிரில் அது வளராது. இருக்கிறதைக் கொறித்து முடித்தால் பிறகு கோரையும் காய்ந்த தண்டும்தான் மிச்சம். கங்காருவைப் பிடித்து வயிற்றைத் திறந்து பார்க்க முடியாது, கேட்டாலும் அது சொல்லாது. புழுக்கையில் நைதரசன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் சாப்பாட்டில் புரதம் போதுமா என்று தெரியும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் என்ன புல்லைச் சாப்பிட்டது என்று தெரியும். ஒவ்வொரு புல்லின் தோலுக்கும் கைரேகைபோல் ஒரு அமைப்பு உண்டு. அது குடலையும் தாண்டி அழியாமல் வரும்.

அதற்காக முதலில் நிலத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் குறித்து, பழைய புழுக்கை எல்லாவற்றையும் வாரி அப்புறப்படுத்துவோம். இரண்டு கிழமை கழித்துப் போய், புதிதாக விழுந்ததை மட்டும் எடுப்போம். புதியது மினுங்கும். மண்ணிறக் கடதாசிப் பைகளில் போட்டு, பையில் பென்சிலால் இடத்தையும் நாளையும் எழுதுவோம். மை ஈரத்தில் ஊறும், பென்சில் ஊறாது. இந்த ஓர் இடத்தில் மட்டும் கண்டதைப் பென்சிலால் எழுத அனுமதி. பிறகு சூட்டுப்பெட்டியில் இரண்டு நாள் காயவைத்து அரைப்போம். அரைத்த தூள் பார்வைக்கும் மணத்துக்கும் தேயிலைக்குக் கிட்ட வரும். அதனால்தான் எங்கள் ஆய்வுகூடத்தில் தேநீர் அறையையும் அரைக்கும் அறையையும் கட்டிடத்தின் இரண்டு முனைகளில் வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் மெல்பேர்னில் இருக்கிற எங்கள் ஊர்ச் சனத்துக்குத் தெரியாது. மனைவி மனோ ஆரம்பத்திலேயே என்னிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தா. "ஆராவது கேட்டால் புல் ஆராய்ச்சி எண்டு சொல்லுங்கோ. அது பொய்யில்லைத்தானே." பொய்யில்லைத்தான். புல் எந்த வழியாக வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டோம்.

ஒரு தரம் அகப்படப் பார்த்தேன். நோபல் பார்க்கில் ஒரு பிறந்தநாள் விழா. களத்தில் இருந்து நேரே போயிருந்தேன். காரின் பின்பக்கத்தில் குளிர்பெட்டி, அதற்குள் பைகள். சிவராசா பியர் தேடிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்துவிட்டான். வறுத்த நிலக்கடலை விற்கிற பைபோல் இருந்த மண்ணிறக் கடதாசிப் பைகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அட, கச்சான் கொண்டந்திருக்கிறாய்," என்று கையை விட்டு, ஒன்றை எடுத்து, கச்சான் உடைக்கிற மாதிரி இரண்டு விரலால் அமத்தினான்.

உடைந்ததைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"பசளை," என்றேன். "புல்லில இருந்து செய்யிறது. ஆய்வுகூடத்தில பரீட்சித்துப் பாக்கினம்."

"கறிவேப்பிலைக்குப் போடலாமோ?"

மெல்பேர்ன் குளிரில் கறிவேப்பிலை வளர்ப்பவனின் கவலை மற்றவர்களுக்குத் தெரியாது. நான் தலையாட்டினேன். அரைத்து அளந்து முடிந்த மிச்சத்தில் ஒரு பை கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மரம் கூரை வரை வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஆவணி பிறந்தால், "அந்த அரசாங்கப் பசளை வந்திட்டுதோ?" என்று சிவராசா போன் எடுப்பான்.

நான் சொல்லவந்த விஷயம் இதல்ல. ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு குளிர்காலத்தைப் பற்றித்தான்.

ரோவில் என்ற புறநகருக்குப் பக்கத்தில் ஒரு காட்டுப் பூங்கா. ஒரு ஓரத்தில் வீடுகளின் பின்வேலிகள் வரிசையாக வரும். அங்கே கங்காருக்கள் பெருகிவிட்டன, புல் போதாது, பசியில் கிடக்கின்றன என்று பூங்காவைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குப் புகார்கள் போயிருந்தன. உண்மையா என்று பார்த்துச் சொல்லும்படி எங்களைக் கேட்டார்கள். போதாதென்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிவரும் என்று கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. குறைப்பது என்றால் என்ன என்று அந்தத் தொழிலில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. துவக்கால் சுடுவதுதான்.

மாதிரிகளை எடுத்து அளந்தோம். விடையைப் பார்த்து நானே இயந்திரம் பழுதென்று நினைத்தேன். பூங்காவின் தூரக் கோடியில் எடுத்தவற்றில் நைதரசன் மிகக் குறைவு. வீட்டு வேலிகளுக்குப் பக்கத்தில் எடுத்தவற்றில், வசந்தகாலத்தில் நல்ல மேய்ச்சல் நிலத்தில் நிற்கிற மாட்டின் சாணத்தில் இருக்கிற அளவு. அதே பூங்கா, அதே கிழமை.

நுணுக்குக்காட்டியில் வைத்தேன். வேலிப்பக்க மாதிரிகளில் கன்னங்கரிய துண்டுகள். துண்டின் ஓரத்தைப் பார்த்தால் உயிர்க்கலங்கள் ஒன்றையொன்று ஒட்டி, பாடசாலை அணிவகுப்பில் பிள்ளைகள் நிற்பதுபோல் நெருக்கமாக நின்றன. அடையாளம் பார்க்க எங்களிடம் இருந்த ஆயிரக்கணக்கான ஒப்பீட்டுக் கண்ணாடித் தகடுகளில் ஒன்றுக்கும் அது பொருந்தவில்லை. ஹெதர் படமெடுத்துத் தெரிந்த நிபுணர்களுக்கு அனுப்பினா. ஒருவர் வண்டின் செட்டை என்றார். ஒருவர் தார் என்றார். இன்னொருவர் ஏதோ விதையின் தோல், ஆனால் இந்த நாட்டு விதை இல்லை என்றார். ஹெதர் குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டா. அப்படி அவ கேள்விக்குறி போட்டதை நான் முன்பு கண்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் குசினிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். மனோ அடுத்த நாள் தோசைக்கு ஊறப்போட்ட உளுந்தைக் கையால் பிசைந்து, மிதந்த கறுப்புத் தோலான கோதை வடித்துக்கொண்டு நின்றா. வழக்கமாகக் கடையில் கோது நீக்கின உளுந்துதான் வாங்குவோம். அன்றைக்கு அது முடிந்துவிட்டதாம். கழுவுதொட்டி முழுக்கக் கறுப்பு. நான் போத்தலை வைத்துவிட்டுக் கிட்டப் போனேன்.

"என்ன பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. இதில கொஞ்சம் எடுக்கிறன்."

"கோதையோ? எதுக்கு?"

"வேலைக்கு."

மனோ கையைத் தண்ணீரில் இருந்து எடுத்தா. "என்ர சாப்பாட்டை உங்கட வேலையோட சேக்காதேங்கோ," என்றா. நான் அதற்குள் ஒரு கடித உறையில் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை தகடு செய்து பார்த்தேன். அதே கலங்கள், அதே அணிவகுப்பு. கேள்விக்குறிக்குப் பக்கத்தில், பேனையால், "உளுந்து" என்று தமிழிலேயே எழுதினேன். ஹெதர் வந்து பார்த்தா. என்ன மொழி என்று கேட்கவில்லை. "கண்டதா, நினைத்ததா?" என்று கேட்டா.

"கண்டது. எங்கள் வீட்டுக் கழுவுதொட்டியில்."

அவவுக்கு விளங்கப்படுத்த அரைமணி நேரம் எடுத்தது. அரைமணி முடிவில், "இதை யார் இவ்வளவு பெருந்தொகையாகச் செய்வார்கள்?" என்று கேட்டா. எனக்கு விடை தெரியும். சொல்லத்தான் மனமில்லை.

ரதியக்கா. மெல்பேர்னில் தமிழர் வீட்டு விசேஷம் எதுவென்றாலும் வடையும் தோசை மாவும் அவவிடம்தான். கோது நீக்கி வாற உளுந்தில் மணமில்லை என்று, கறுப்பு உளுந்தை வாங்கித் தன் கையால் கழுவுகிறவ. வீடு ரோவிலில். பின்வேலிக்கு அங்கால் காடு. என் மகளின் கலியாணத்துக்கும் அவதான் வடை சுட்டவ.

"நினைப்பதைப் பென்சிலால் எழுது," என்றா ஹெதர். "நாளைக்கு விடியப் போய்ப் பார்ப்போம்."

அடுத்த நாள் காலை வெயில் அப்போதுதான் விழுந்திருந்தது. புல்லில் உறைபனி. அந்த வீட்டு வேலியோரமாக இருபது இருபத்தைந்து கங்காருக்கள், கோயிலில் அன்னதானத்துக்கு நிற்பதுபோல் ஒழுங்காக நின்றன. முன்வரிசையில் குட்டியோடு தாய்மார். நாங்கள் ஒரு புறமாகக் குந்தி இருந்து, புதிதாக விழுந்த புழுக்கைகளைச் சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தோம். வேலிக்கு அங்கால் கதவு திறந்த சத்தம் கேட்டது. ஒரு பெரிய அலுமினியப் பானை வேலிக்கு மேலே எழும்பியது. கறுப்புக் கோதும் உளுந்து நொறுங்கலும் கரைந்த மாத் தண்ணியுமாக ஒரு அருவி விழுந்தது. கங்காருக்கள் தலையைக் குனிந்தன.

பானைக்குப் பின்னால் கம்பளித் தொப்பி போட்ட ஒரு தலை வந்தது.

"தம்பி குலமோ?" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா ரதியக்கா. ஏதோ கதிரையில் ஏறி நின்றிருக்க வேண்டும். "அங்கை நிலத்தில என்ன தேடுறியள்? ஏதும் துலைச்சிட்டியளோ?"

என் வலது கையில் சாமணம். சாமண நுனியில் புழுக்கை.

"இல்லை அக்கா. வேலை."

"இதோ வேலை? புல் ஆராய்ச்சி எண்டெல்லோ மனோ சொன்னவ."

"இதுவும் புல்தான் அக்கா."

அவ கண்ணைச் சுருக்கிக்கொண்டு சாமணத்தைப் பார்த்தா. பிறகு ஹெதரைப் பார்த்தா. "இந்தப் பிள்ளை ஆர்?"

"என்ர பெரியவ."

"சாப்பிட்டவவோ?"

நான் பதில் சொல்வதற்குள் தலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு வேலிக்கு மேலால் வந்தது. அன்றைக்கு யாருக்கோ சுட்ட சூடான உளுந்து வடைகள். ஹெதர் கையுறையைக் கழற்றி, கையைப் புல் பனியில் துடைத்துவிட்டு, ஒன்றை எடுத்தா. உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் உருட்டினா. பெருவிரல் நகத்தால் நடுவில் பிளந்தா. உள்ளே பார்த்தா. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனா. கழுவலில் தப்பிய ஒரு சின்னக் கறுப்புத் துண்டைக் கண்டு நகத்தால் எனக்குக் காட்டினா. அதற்குப் பிறகுதான் வாயில் போட்டா.

"ம்," என்றா. இன்னொரு வாய் கடித்துவிட்டு, "ம்," என்றா.

ரதியக்கா என்னைக் கேட்டா, "பிடிச்சிருக்குதாமோ?"

"இதுக்கு மேல அவ சொன்னதில்லை அக்கா."

பிறகுதான் கஷ்டமான பகுதி. நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். இந்த மிருகங்களின் வயிறு இதற்குப் படைக்கப்பட்டதல்ல, தாடையில் நோய் வரும், வேலியடியிலேயே கிடந்து மேய்வதை விட்டுவிடும், அதோடு உணவு போடக் கூடாதென்று பூங்கா வாசலில் பலகையும் இருக்கிறது என்று ஹெதர் சொன்னா. ரதியக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டா.

"தம்பி, நீங்கள் சோதிச்சுப்போட்டு என்ன செய்வியள்?"

"அறிக்கை எழுதுவம்."

"அறிக்கையில சாப்பாடு காணாது எண்டு வந்தால்?"

நான் ஹெதரைப் பார்த்தேன். ஹெதர் என்னைப் பார்த்தா. இதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

"சுடுவினமோ?" என்றா ரதியக்கா.

"குறைப்பினம்."

"ஓம், அதுதான். குடுத்தால் பிழை. குடுக்காட்டிச் சுடுவினம். நான் என்ன செய்ய வேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ தம்பி. சாப்பாட்டுக்கு வரிசையில நிண்டு பாத்தவள் நான். அதுகள் வந்து நிக்கேக்கை என்னால கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்கு இருக்க ஏலாது."

பானையைத் தூக்கிக்கொண்டு அவ இறங்கிப் போய்விட்டா. கோபமாகப் போகவில்லை. அதுதான் எனக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கிழமை அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லா மாதிரிகளையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் விடை "போதுமானது" என்று வந்தது. கணக்கில் பிழை இல்லை. ஒரு துவக்கும் வெடிக்காது. ரதியக்காவின் பெயர் எங்கேயும் வராது. என் மகளின் கலியாணத்துக்கு வடை சுட்ட கையும் தப்பும். அப்படியே எழுதி, சுத்தமாக அச்சடித்து, ஹெதரின் மேசையில் வைத்தேன்.

அவ படித்தா. விரலை "போதுமானது" என்ற சொல்லில் வைத்தா. "கண்டதா, நினைத்ததா?"

நான் அந்தச் சொல்லை இன்னொரு முறை படித்தேன். பிறகு, "விரும்பினது," என்றேன்.

"அதற்கு என்னிடம் எழுதுகோல் இல்லை," என்றா. கோபிக்கவில்லை. "வேலிப்பக்கத்தை ஒரு பக்கம் வை. தூரத்துப் பக்கத்தைத் திரும்பவும் பார். அவை என்ன சாப்பிடுகின்றன என்று பார்."

நான் திரும்பவும் பார்த்தேன். நான்கு நாட்கள், ஒவ்வொரு தகடாக. தூரக் கோடி மாதிரிகளில் கோரையும் தண்டும் மரப்பட்டையும்தான். பசிதான், சந்தேகமில்லை. ஆனால் நான்காம் நாள், கண்டதை விடக் காணாதது என்னைக் கரைச்சல்படுத்தத் தொடங்கியது. அந்தப் பூங்காவில் ஓடைக்கரையோரம் ஒரு மெல்லிய புல் உண்டு. சில வருடங்களுக்கு முன் அதன் ஒப்பீட்டுத் தகட்டை நானே செய்தேன். குளிரிலும் கொஞ்சம் வளரும் புல் அது. நூற்றுக்கணக்கான துண்டுகளில் அந்தப் புல்லின் துண்டு ஒன்றுகூட இல்லை. இந்தப் பசியில் நிற்கிற மிருகம் அதை ஏன் தொடவில்லை?

ஹெதரிடம் போய், "நான் காணாததைப் பற்றிச் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"தேடிப் பார்த்துக் காணாததா, தேடாமல் காணாததா?"

"தேடினது."

"அப்படியென்றால் பேனையால் எழுது," என்றுவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தா.

ஓடைக்கரைக்குப் போனோம். கரை முழுக்கப் புதிதாக மரக்கன்றுகள் நட்டிருந்தார்கள். கன்றுகளை மிருகங்கள் கடிக்காமல் இருக்க, ஆளுயரத்துக்கு மேல் ஒரு கம்பிவலை வேலி, இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை. வேலிக்கு உள்ளே அந்த மெல்லிய புல் கணுக்கால் அளவு வளர்ந்து கிடந்தது. வேலிக்கு வெளியே நிலம் மொட்டை. வலையோரமாகத் தரை முழுக்கப் புழுக்கை. எத்தனையோ நாட்கள் அதிலே நின்று உள்ளே பார்த்திருக்கின்றன.

நாங்கள் இரண்டு பேரும்கூடக் கொஞ்ச நேரம் அதிலேயே நின்று பார்த்தோம்.

அறிக்கை மூன்று பகுதியாகப் போனது. வேலியோரத்தில் வீட்டுச் சாப்பாடு, தூரத்தில் பசி, ஓடைக்கரையில் எட்டாத புல். எண்ணிக்கையைப் பற்றி முடிவெடுக்க முன் ஓடைக்கரை வேலியைத் திறந்து ஒரு குளிர்காலம் பார்க்கும்படி கேட்டிருந்தோம். பூங்கா அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "சராசரியாகப் போதுமா, போதாதா? ஒரு சொல்லில் சொல்லுங்கள்," என்றார்.

ஹெதர், "அந்தப் பூங்காவில் சராசரி என்று ஒரு கங்காரு இல்லை. இருந்தால் காட்டுங்கள், அதன் புழுக்கையையும் எடுக்கிறோம்," என்றா.

அன்றைக்கு அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் வேலியை மூன்று இடங்களில் திறந்தார்கள். கன்றுகளுக்குத் தனித்தனியாகக் கூடு போட்டார்கள். துவக்குப் பேச்சு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது.

அதற்குள் என் உத்தியோகம் என்னவென்று மெல்பேர்ன் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரதியக்காவின் தப்பில்லை. வடை வாங்க வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள், அவ கண்டதைச் சொல்லியிருக்கிறா. "புழுக்கைக் குலம்" என்று ஒரு பட்டம் வந்தது. மனோ இரண்டு கிழமை கோயிலுக்குப் போகவில்லை. சிவராசா போன் எடுத்து, "அப்ப அண்டைக்கு நான் உடைச்சது?" என்று கேட்டான். "ஓம்," என்றேன். கறிவேப்பிலை மரத்தை வெட்டவில்லை என்றுதான் கேள்விப்பட்டேன்.

ரதியக்கா கோது கொட்டுவதை ஒரு நிபந்தனையோடு நிறுத்தினா. சாப்பாட்டுப் பொருளைக் குப்பையில் போடமாட்டாவாம், யாராவது உயிருள்ளது தின்ன வேண்டுமாம். அதை நான் மொழிபெயர்த்தபோது ஹெதர், "என்னிடம் பன்னிரண்டு கோழிகள் இருக்கின்றன," என்றா. அன்றில் இருந்து வெள்ளிக்கிழமை தோறும் ஹெதர் இரண்டு வாளியோடு ரோவிலுக்குப் போவா. போகும்போது வாளி வெறுமை, வரும்போது கோதும், மேலே கடதாசியில் சுற்றின வடையும். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஆனாலும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்து ஹெதர் திரும்பி வந்ததில்லை.

அடுத்த ஆடியில் ஒரு நாள் ரதியக்கா என் வேலைத்தலத்துக்கே போன் எடுத்தா.

"தம்பி, அவை இப்ப வாறேல்லை."

"நல்லதுதானே அக்கா."

"நல்லதெண்டு தெரியும். விடியக் கதிரையில ஏறி நிண்டு பாக்கிறனான். ஒண்டும் இல்லை." குரலைத் தணித்தா. "அதுகள் சாப்பிடுதோ, இல்லாட்டி..."

அந்தக் குளிர்கால மாதிரிகள் அப்போதுதான் அரைத்து முடிந்திருந்தன. போனில் என்ன சொன்னாலும் அவ நம்பமாட்டா என்று எனக்குத் தெரியும். என்ன இருந்தாலும் நான் புல் ஆராய்ச்சி என்று சொல்லித் திரிந்தவன். "ஒருக்கா வாங்கோ அக்கா," என்றேன்.

ஹெதரே காரில் கூட்டிக்கொண்டு வந்தா. சேலைக்கு மேல் தடித்த கோட், கம்பளித் தொப்பி. வாசலிலேயே சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டா. உள்ளே நாலடி வைத்ததும் மெதுவாக எடுத்துவிட்டு, "மணம் ஒண்டும் இல்லையே," என்றா, கொஞ்சம் ஏமாற்றமாக.

நுணுக்குக்காட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருத்தினேன். தூரக் கோடியில் எடுத்த மாதிரி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணை வைத்தா. குமிழை நான் திருகிச் சரிசெய்தேன்.

"பச்சையா, நீட்டு நீட்டா, பாய் பின்னினமாதிரித் தெரியுதோ?"

"ஓம். கனக்கக் கிடக்கு. இது என்ன?"

"ஓடைக்கரைப் புல்."

"நல்ல புல்லோ?"

"நல்ல புல் அக்கா."

"எல்லாத்திலயும் இருக்கோ, இல்லாட்டி எனக்குக் காட்டவெண்டு இதை மட்டும் எடுத்து வைச்சனீங்களோ?"

ஹெதர் என்ன கேட்கிறா என்று என்னைப் பார்த்தா. சொன்னேன். அவ அந்தக் கிழமைத் தகடுகள் அடுக்கிய பெட்டி முழுவதையும் கொண்டுவந்து ரதியக்காவுக்குப் பக்கத்தில் வைத்தா.

ரதியக்கா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டா. எந்தத் தகடு என்று தானே விரலால் தொட்டுக் காட்டக் காட்ட, நான் ஒவ்வொன்றாக மாற்றி வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிந்துபோனது. யாரும் எழும்பவில்லை. கடைசித் தகட்டில் கண்ணை வைத்தபடி, எங்கள் இருவரிடமும் அல்லாமல், குசினியில் தனியாக நிற்கிறவ மாதிரிச் சொன்னா:

"சாப்பிட்டிருக்கினம்."